டெஸ்ஸா யார் கணக்கில்

பிப்ரவரியின் முதல் ஞாயிறு காலை, ஹைடி தன் வருமான வரிக்கணக்கைக் கணினியில் அனுப்பிவிட்டுக் காபி போட எழுந்து போனாள். கோப்பையோடு வந்து பார்த்தால் கணக்கு அதற்குள் திரும்பி வந்திருந்தது. அவளுடைய மகள் டெஸ்ஸாவை வேறொருவர் ஏற்கனவே தம் பிள்ளையென்று கணக்கில் காட்டி வரிச்சலுகை கேட்டுவிட்டாராம். ஆகவே இதை ஏற்பதற்கில்லையாம். அந்த வேறொருவர் யார் என்று சொல்லத் தனக்கு அதிகாரமில்லை என்றும் கணினி பணிவாகத் தெரிவித்தது.

சொல்லவும் வேண்டியதில்லை. அந்த வேறொருவர் அப்போது ஹைடியின் நாற்காலிக்கு நேர் கீழே, பேஸ்மென்ட்டில், மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து உலகத்துக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தார். "வளம் உங்க வாசல்ல காத்துட்டு நிக்குது நண்பர்களே, நீங்கதான் பாக்காத மாதிரி திரைச்சீலையை இழுத்து விட்டுட்டு உக்காந்திருக்கீங்க" என்பது தரைப்பலகை வழியாகத் தெளிவாகக் கேட்டது.

கர்ட்டுக்கும் ஹைடிக்கும் விவாகரத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது. சட்டப்படி எல்லாம் சுத்தமாக முடிந்துவிட்டது. வீட்டை விட்டுப் போவது ஒன்றுதான் பாக்கி. அதற்குக் காரணம் அன்பில்லை, வட்டி.

கொரோனா நோய்த்தொற்றுக் காலத்தில் வீட்டுக் கடனை மூன்று சதவீதத்துக்கும் கீழே பிடித்துப் போட்டவர்கள் எங்கள் டொலிடோ நகரில் தனி வர்க்கம். விருந்துகளில் பீர் பாட்டிலோடு ஒதுங்கி நின்று, "உங்களுக்கு எவ்வளவு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "ரெண்டே முக்கால்" என்று பதில் வந்தால், கேட்டவர் தேவாலயத்துக்குள் நுழைந்தவர்போலத் தொப்பியைக் கழற்றிவிடுவார். இன்றைக்குப் புதிதாகக் கடன் வாங்கினால் வட்டி ஏழு. ஆகவே எங்கள் ஊரில் மனைவியை விடுகிறார்கள், மதத்தை விடுகிறார்கள், இறைச்சியைக்கூட விட்டுவிட்டார்கள். ரெண்டே முக்காலை விட்டவர் எவரும் இல்லை. ஹைடியின் அக்காவே அவளிடம் சொன்னாள்: "அவனைப் பிடிக்கலன்னா கீழ அனுப்பு. வட்டியை ஏண்டி தண்டிக்கற?"

கீழே அனுப்பினாள். அது அரை அரை மாடியாக அடுக்கின வீடு. மேலே ஹைடி, கீழே கர்ட், நடுவில் டெஸ்ஸா. அம்மாவிடம் போக ஆறு படி ஏற வேண்டும், அப்பாவிடம் போக ஆறு படி இறங்க வேண்டும். அறையைத் தேர்ந்தெடுத்தது அவள் இல்லை, கட்டடக்காரன்.

இவர்களுக்கு உடன்பாடு எழுதித் தந்தவர் மணிக்கணக்கில் கூலி வாங்கும் ஒரு சமரசர். பிள்ளையை யார் வரிக்கணக்கில் காட்டுவது என்ற இடம் வந்ததும் அந்த மனிதர் ஜன்னல் வழியே நெடுநேரம் பார்த்துவிட்டு, அந்த நேரத்துக்கும் கூலி போட்டுக்கொண்டு, "இரு தரப்பும் பரஸ்பரக் கருணையோடு ஆண்டுதோறும் தீர்மானிப்பார்கள்" என்று எழுதினார். போன வருஷம் கருணைக்குத் தேவை ஏற்படவில்லை. கர்ட்டுக்கு வருமானம் என்று சொல்லும்படி எதுவும் இல்லாததால் ஹைடியே காட்டினாள்.

இந்த வருஷம் அவளுக்கு அது அவசியமாக இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாமீ என்ற ஊரில், ஆணி திருகாணி விற்கும் கடைக்கு மேலே, இரண்டு படுக்கையறை உள்ள ஒரு வீடு காலியாக இருந்தது. வீட்டுக்காரி மிஸஸ் பெட்ரோஸ்கி மார்ச் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்கு இரண்டு நிபந்தனைகள். முன்பணம் வேண்டும். குடிவருகிறவர் பேரில் வேறு வீட்டுக் கடன் இருக்கக் கூடாது. "ரெண்டு வீட்டுக்குக் கட்டறவங்க கடைசியில என் வீட்டுக்குத்தான் கட்டாம விடறாங்க, பொண்ணே" என்றாள் அவள். பிள்ளையைக் கணக்கில் காட்டினால் அரசாங்கம் திருப்பித் தருகிற தொகை முன்பணத்துக்குச் சரியாக இருக்கும். கடனிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டு கர்ட் பெயரில் மட்டும் வைக்க முடியுமா என்று, வீட்டுக்குக் கடன் தந்த கடன் சங்கத்தில் ஹைடி ஜனவரியிலேயே விண்ணப்பித்திருந்தாள். கர்ட்டின் வருமானத்தைப் பார்த்தால் அவர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். இருந்தாலும் கேட்டு வைத்தாள். டெஸ்ஸாவோடு அந்த வீட்டுக்குப் போய், தரைக்குக் கீழிருந்து எவன் குரலும் வராத ஒரு காலையில் காபி குடிக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காபியை வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

கர்ட் அவளைப் பார்த்ததும் ஒரு விரலைத் தூக்கி, பேச்சை முடிக்கும்வரை நிற்கச் சொன்னான். அவனுடைய இணைய நிகழ்ச்சியை வாரம் பத்து பதினைந்து பேர் கேட்பார்கள். அதில் ஒருவர் அவனுடைய அம்மா. அவள் காதுக்கருவியைக் கழற்றிவிட்டுத்தான் கேட்பாள் என்பது குடும்பத்துக்குத் தெரியும்.

"டெஸ்ஸாவை நீ காட்டியிருக்கியா?"

"காட்டியிருக்கேன்."

"என்னைக் கேக்கவே இல்லையே?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு ஹைடி? சட்டம் இருக்கு. ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தா, யாருக்கு வருமானம் ஜாஸ்தியோ அவங்கதான் பிள்ளையைக் காட்டலாம்."

"அதனாலதான் கேக்கறேன்."

"எனக்குத்தான் ஜாஸ்தி."

ஹைடி துவைக்கும் இயந்திரத்தின்மேல் சாய்ந்து நின்றாள். அவள் பல் மருத்துவர் ஒருவரிடம் பல் சுத்தம் செய்யும் வேலையில் பதினைந்து வருஷமாக இருக்கிறாள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியாதவர்களோடேயே பழகிப்போனதால், மூடித் திறந்து பேசுகிறவர்களிடம் கொஞ்சம் பொறுமை குறைவு.

"வாரக் கடைசியில ஊர்க்காரங்க வீட்டுக்கு மளிகை கொண்டு போய் வைக்கறே. அதுக்குப் பேரு வருமானமா?"

"அது பழைய கர்ட்."

"நேத்திக்குத்தானே போனே?"

"நேத்திக்கும் பழசுதான். நான் என்ன எழுதினேன்னு கேளு. ஆறு இலக்கம், டாலர்ல."

"ஆறு இலக்கம் வந்துச்சா?"

"வருது."

"கர்ட், வரிக்கணக்குல போன வருஷம் வந்ததை எழுதணும்."

"அங்கதான் உன்னை மாதிரி ஆளுங்க தப்புப் பண்றீங்க. வந்ததையே எழுதிட்டிருந்தா, வந்ததேதான் திரும்பத் திரும்ப வரும்." அவன் சுழல்நாற்காலியில் அவள் பக்கம் திரும்பினான். குரல் நிகழ்ச்சிக்குரிய குரலாக மாறிவிட்டது. "எனக்கு இதெல்லாம் கத்துக்குடுத்த மாஸ்டர் சொல்வாரு, எந்தத் தாளை நிரப்பினாலும் ஆகப்போற ஆள் நிரப்பற மாதிரி நிரப்பு. பிரபஞ்சம் தாளைப் படிக்கும்."

"இந்தத் தாளைப் படிக்கறது வருமான வரி ஆபீஸ்."

"அதுவும் பிரபஞ்சத்துக்குள்ளதானே இருக்கு?"

ஹைடி திரும்பிப் படியேறினாள். நாட்டில் வருமானத்தைக் குறைத்துக் காட்டி மாட்டினவர்கள் கோடிப்பேர் இருக்கலாம். வராத வருமானத்தை வந்ததாகச் சொல்லி, அதற்கு வரியும் கேட்டு வாங்கிக்கொண்ட ஒருவனோடு பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்பதை நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நூலகத்துக்குப் போனாள். அங்கே கீழ்க் கூடத்தில், ஓய்வுபெற்ற பெரியவர்கள் ஊராருக்கு இலவசமாக வரிக்கணக்குப் போட்டுத் தருவார்கள். அவள் வரிசை எண்ணுக்கு வாய்த்தவர் திரு. விட்காம், உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக இருந்தவர். தலைமையாசிரியராக ஆகவே முடியாமல் போனதன் கண்டிப்பு முழுக்க அவர் முகத்தில் மிஞ்சியிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை. அதற்குமேல் இன்னொரு அட்டை, பயிற்சி முடித்ததற்கு.

"விவாகரத்தா? உக்காருங்க. இதைவிட சுலபமானது ஒண்ணும் கிடையாது" என்றார். "குழந்தை எந்த வீட்ல அதிக ராத்திரி தூங்கினதோ, அந்த வீட்டுக்காரங்களுக்குச் சொந்தம். கோர்ட்டு என்ன எழுதியிருந்தாலும் சரி. சொல்லுங்க, எங்க தூங்கினா?"

"எங்க வீட்ல."

"முடிஞ்சுது. உங்களுக்குத்தான்."

"அவரும் அங்கதான் தூங்கறாரு, சார்."

திரு. விட்காம் பேனாவைக் கீழே வைத்தார். "விவாகரத்து ஆகலையா?"

"ஆயிடுச்சு."

"பின்ன ஏன் அங்க தூங்கறாரு?"

"வட்டி ரெண்டே முக்கால்."

"ஓ" என்றார் திரு. விட்காம், மரியாதையோடு. பிறகு ஒரு வெள்ளைத்தாளை இழுத்து வீட்டைப் படம் போடச் சொன்னார். அவள் போட்டாள். அவர் டெஸ்ஸாவின் கட்டிலிலிருந்து மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் இழுத்து, பென்சிலை வைத்து இரண்டையும் அளந்தார். "படியில ஏதாவது வித்தியாசம்?"

"ஆறும் ஆறும்."

"கதவு எந்தப் பக்கம் பாத்துத் திறக்குது?"

"பாத்ரூம் பக்கம்."

அவர் பக்கத்து மேசைப் பெரியவரைக் கூப்பிட்டார். அந்தப் பெரியவர் வந்து, குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவாள் என்று கேட்டார். "நாயை" என்றாள் ஹைடி. நாயைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று இருவரும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதன் பிறகுதான் திரு. விட்காம், வேறு வழியே இல்லை என்பதுபோல, கையேட்டைத் திறந்தார். கொஞ்ச நேரம் உதடு அசையப் படித்தார்.

"ராத்திரி ரெண்டு பேருக்கும் சமம்னா, மொத்த வருமானம் யாருக்கு ஜாஸ்தியோ அவங்களுக்கு." தலையைத் தூக்கினார். "நான் சொல்ல வந்ததும் அதான்."

கர்ட் சொன்னது சரிதான். ஒரு விஷயத்தில் கர்ட் சரியாகச் சொல்லியிருக்கிறான் என்பதே ஹைடிக்குப் புதிதாக இருந்தது.

"அவர் காட்டின வருமானம் பொய்னா?"

"குறைச்சுக் காட்டியிருக்காரா?"

"கூட்டி."

திரு. விட்காம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவளைப் பார்த்தார். பள்ளியில் முப்பது வருஷம் பொய் கேட்டவர். இந்த வகை அவரிடம் வந்ததில்லை. "அப்படின்னா நீங்களும் பிள்ளையைக் காட்டி, காகிதத்துல எழுதித் தபால்ல போடுங்க. ரெண்டு பேரும் ஒரே குழந்தையைக் காட்டினா, ரெண்டு பேருக்கும் கடிதாசி வரும், ஆதாரம் எங்கேன்னு. வராத பணத்துக்கு ஆதாரம் காட்டறது கஷ்டம்." காகிதத்தில் அவள் குடும்பப்பெயரைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்: "உங்க வீட்டுக்காரர் பேரு கர்ட்டா? கர்ட் ஸ்ட்ரோபெல்? அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை பண்ணிக்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு எரிமலையோட படத்தைக் கொண்டுவந்தவனா?"

"அவரேதான்."

"உக்காருங்க. நானே நிரப்பித் தரேன்."

நிரப்பின காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஹைடி வீட்டுக்கு வந்தாள். திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் தபாலில் போடுவதாக இருந்தாள். திங்கட்கிழமை காலை, ஒரு நோயாளியின் வாயில் கண்ணாடியை வைத்திருக்கும்போது கைபேசி அதிர்ந்தது. இடைவேளையில் திருப்பிக் கூப்பிட்டாள். கடன் சங்கத்திலிருந்து ஷானா என்ற பெண்.

"ஹைடி! உக்காந்திருக்கீங்களா? நல்ல செய்தி. நாங்க கேட்டபடி கர்ட் தன்னோட வரிக்கணக்கை அனுப்பியிருக்காரு. எங்க மேனேஜருக்கு ஆச்சரியம் தாங்கல. இவ்வளவு சம்பாதிக்கிற ஆளு ஏன் இன்னும் அந்தப் பழைய டொயோட்டாவை வச்சிருக்காருன்னு கேட்டாரு. எளிமைன்னு சொன்னேன்."

"அப்போ…"

"அப்போ கடனை அவர் ஒருத்தர் பேருக்கே மாத்திடலாம். வட்டியும் அதே வட்டி. மார்ச் மூணாவது வாரம் வந்து கையெழுத்துப் போட்டா, உங்க பேரு வெளிய. நீங்க விடுதலை."

ஹைடி நன்றி சொன்னாள். மறுபடியும் நன்றி சொன்னாள். பிறகு மருந்து அலமாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு கைப்பையிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

தபாலில் போட்டால் டெஸ்ஸா அவள் கணக்கில் வருவாள், முன்பணமும் வரும். கர்ட்டின் ஆறு இலக்கம் உடைந்து அவன் நிஜ அளவுக்குச் சுருங்குவான், கடன் சங்கம் கதவைச் சாத்தும், அவள் பெயர் இந்த வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிடக்கும். போடாமல் விட்டால் கடனிலிருந்து பெயர் வெளியே வரும். ஆனால் மகள் அவன் பிள்ளையென்று அரசாங்கத்தில் பதிவாகி இருப்பாள், முன்பணம் இராது. அவளை வெளியே விடக்கூடிய ஒரே ஆள், இல்லாத அந்தப் பணக்கார கர்ட்தான். அவனை உயிரோடு வைத்திருக்க வேண்டுமானால் அவள் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும்.

சாயந்திரம் பல் மருத்துவரிடம் சம்பளத்தில் முன்கடன் கேட்டாள். பல் மருத்துவர் தம்முடைய புதிய படகைப் பற்றிக் கொஞ்சம் வருத்தமாகப் பேசிவிட்டுச் சரி என்றார். காகிதம் தபாலுக்குப் போகவில்லை.

டெஸ்ஸாவிடம் சொல்லும்போது, அவள் சமையல்மேடைமேல் உட்கார்ந்து பெட்டிச் சோளப்பொரியைக் கையால் அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். பதினான்கு வயது. உலகத்தில் யாரும் தன்னிடம் முழுசாகப் பொய் சொன்னதில்லை, முழுசாக உண்மையும் சொன்னதில்லை என்று தெரிந்த முகம்.

"அப்போ இந்த வருஷம் நான் அப்பாவோடதா?"

"காகிதத்துல."

"எனக்கு யார் சோறு போட்டதுன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்க. எங்க தூங்கினேன்னுதான் கேப்பாங்க."

"போன வாரம் நான் பாத்டப்ல தூங்கினேன். நீங்க ரெண்டு பேரும் குப்பைத்தொட்டிக்குச் சண்டை போட்டீங்களே, அன்னிக்கி. அது யார் கணக்குல வரும்?"

ஹைடி பொரிப் பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்தாள். "மாமீயில உனக்குத் தனி அறை இருக்கு. ஜன்னல் ஆத்தைப் பாத்து இருக்கு."

"அப்பா தனியா இந்த வீட்டுக்குக் கட்டுவாரா?"

"கடன் சங்கத்துல அப்படித்தான் நம்பறாங்க."

"நான் கடன் சங்கத்தைக் கேக்கலம்மா."

மார்ச் இரண்டாவது வாரம், துணி துவைக்க ஹைடி கீழே இறங்கினபோது மைக் அணைந்து கிடந்தது. கர்ட் கட்டிலில், கோட்டோடு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கையில் கைபேசி. அதில் வருமான வரியின் கணக்குப் பக்கம்.

"ஹைடி, இவங்க இருபதாயிரம் டாலருக்குமேல வரி கேக்கறாங்க."

"ஆமா. ஆறு இலக்கத்துக்கு அவ்வளவுதான் வரும்."

"பிள்ளையைக் காட்டினா பணம் திரும்பி வரும்னு நினைச்சேன்."

"பிள்ளைக்குக் கழிச்சது போகத்தான் இது."

அவன் கைபேசியைத் தலையணைமேல் கவிழ்த்து வைத்தான். "நான் திருத்திடறேன். போன வருஷம் நிஜமா வந்ததைப் போட்டுடறேன். நீ டெஸ்ஸாவைக் காட்டிக்கோ. நியாயமும் அதான். சோறு போடறது நீதானே."

இரண்டு வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் நேர்மையான வாக்கியம் அது. அதைக் கேட்டதும் ஹைடி சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். கையெழுத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

"அவசரப்படாதே" என்றாள்.

"என்ன?"

"தவணையில கட்டலாம். அவங்களே அதுக்கு வழி வச்சிருக்காங்க. மாசா மாசம் கொஞ்சம்." துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவன் மைக்குக்கு முன்னாலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அவள் இதுவரை உட்கார்ந்ததில்லை. "ஒரு சின்ன பில் வந்ததும் சுருங்கிடறே பாத்தியா? உங்க மாஸ்டர் இதைப் பத்தி என்ன சொல்வாரு?"

"தடை வரும்போதுதான் கதவு பக்கத்துல இருக்குன்னு…"

"அதேதான்."

"நீ அதெல்லாம் நம்ப மாட்டியே?"

"கடன் சங்கத்து மேனேஜர் உன்னோட கணக்கைப் பாத்து அசந்து போயிட்டாராம். ஷானா சொன்னா." இது உண்மை என்பதால் சுலபமாக வந்தது. அடுத்தது அவ்வளவு சுலபமில்லை, ஆனாலும் வந்தது. "எனக்கு மட்டும்தான் உன்னைப் புரிஞ்சுக்கத் தெரியலையோ என்னமோ. ஆறு இலக்கம் எழுதறதுக்கே ஒரு தைரியம் வேணும், கர்ட்."

அவன் முகத்தில் வெளிச்சம் ஏறுவதைப் பார்த்தாள். முதுகு நிமிர்ந்தது, கழுத்து நீண்டது, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டான். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பயந்துபோய் ஒழுங்காக இருந்த மனிதன், அவள் கண்ணெதிரே மறுபடியும் முட்டாளாக ஆகிக்கொண்டிருந்தான். அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவள் அவளேதான். நன்றாகவும் செய்தாள். அவன் இத்தனை வருஷமாக மைக்கில் கத்தி ஒருவரையும் மாற்றினதில்லை. அவள் நாலு வாக்கியத்தில் மாற்றிவிட்டாள்.

"இதை நான் ரெக்கார்ட் பண்ணிக்கட்டுமா?" என்றான் கர்ட்.

"அம்மா."

டெஸ்ஸா நடுப்படியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்போதிருந்து என்று தெரியவில்லை.

"மேல போ டெஸ்ஸா."

"அவரு நம்பிட்டாரும்மா."

"பெரியவங்க பேசறோம்."

"வரியும் கட்டணும், வீட்டுக்கும் கட்டணும்னா அவரு கிறிஸ்மஸ் வரைக்கும்கூடத் தாங்க மாட்டாரு. வீடு போயிடும். போனா எங்க வருவாரு?" டெஸ்ஸா கோபப்படவில்லை. கடைக்குப் போய் என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில்தான் பேசினாள். "ஆணிக்கடைக்கு மேல வந்து கதவைத் தட்டுவாரு. நீ திறக்க மாட்டே. நான் திறப்பேன். அந்த ஜன்னலுக்குக் கீழ, சோஃபாவுல, மைக்கோட படுப்பாரு."

"நான் ஏன் உங்க வீட்டுக்கு வரேன்?" என்றான் கர்ட், அடிபட்ட கௌரவத்தோடு. பிறகு, "சோஃபா பெருசா?" என்று கேட்டான்.

அவன் அதை வேடிக்கைக்குத்தான் கேட்டானா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. ஹைடி நாற்காலியை விட்டு எழுந்தாள். இவ்வளவு நாளாக அவள் வீட்டிலிருந்து வெளியேறுவதைத்தான் திட்டம் போட்டிருந்தாள். அவன் பின்னாலேயே வருவான் என்பதற்குத் திட்டமில்லை. வருகிறவன் இன்னும் உடைந்து வருவான். அவனை உள்ளே விடுகிறவள் அவள் மகளாக இருப்பாள். கதவைத் திறந்ததற்காக மகளைக் கடிந்துகொள்ளவும் அவளுக்கு வாயிருக்காது.

"திருத்து" என்றாள்.

"இப்பத்தானே தைரியம்னு சொன்னே?"

"நான் பொய் சொன்னேன். நீ போன வருஷம் மளிகை தூக்கிச் சம்பாதிச்சது எவ்வளவோ, அதை எழுது. சனிக்கிழமை நூலகத்துக்குப் போறோம்."

கர்ட் கோட்டுப் பொத்தானைக் கழற்றினான். அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கலாம். அதைக் காட்டிக்கொள்ளும் பழக்கம் அவனுக்கில்லை.

சனிக்கிழமை கர்ட்டின் டொயோட்டா குளிரில் கிளம்ப மறுத்துவிட்டதால் இருவரும் ஹைடியின் காரிலேயே போனார்கள். ஷானாவிடம் முந்தின நாளே பேசியாகிவிட்டது. "அந்தத் தொகை தவறுதலா எழுதினது" என்று ஹைடி சொன்னாள். ஷானா ஆறுதலாக, "பரவாயில்ல ஹைடி, ரெண்டே முக்காலு உங்க பேர்லயும் அப்படியே இருக்கே, அது எவ்வளவு பெரிய விஷயம்" என்றாள்.

நூலகத்தின் கீழ்க் கூடத்தில் அவர்களைப் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்காரவைத்தார்கள். கர்ட்டுக்கு, அன்றைக்குக் காய்ச்சலைப் பற்றிக் கேட்ட பெரியவர், ஹைடிக்குத் திரு. விட்காம். இந்தப் பக்கம் டெஸ்ஸாவைச் சேர்த்தார்கள், அந்தப் பக்கம் டெஸ்ஸாவை நீக்கினார்கள். கர்ட் தன் நிஜ வருமானத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினான். காது மந்தமான பெரியவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்லி, "மாசத்துக்கா?" என்று கேட்டார்.

"வருஷத்துக்கு" என்றான் கர்ட். கூடத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் தங்கள் காகிதங்களை ஆழ்ந்து படிக்க ஆரம்பித்தார்கள்.

திரு. விட்காம் வேலை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தொகை வரும், ஆனால் கர்ட்டின் கணக்கு திருந்தி முடியக் கோடைகாலம் ஆகும், அதற்கப்புறம்தான் ஹைடியுடையது என்றார். பிறகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மனதில் ஏதோ பெரிதாக உதயமாகிக்கொண்டிருந்தது.

"ஒரு யோசனை சொல்லட்டுமா? யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் இப்ப மனசுக்குள்ளயே போட்டுப் பாத்தேன். ஒரே வீடு, ஒரே குழந்தை, ஒருத்தருக்கு வருமானம், ஒருத்தருக்கு இல்ல. நீங்க சேர்ந்து ஒரே கணக்காக் காட்டினா இதையெல்லாம்விட வரி ரொம்பக் கம்மி."

"அதுக்குக் கல்யாணம் பண்ணியிருக்கணுமே, சார்" என்றாள் ஹைடி.

"அதான் யோசனை" என்றார் திரு. விட்காம், இரண்டு அட்டைகளும் மார்பில் பிரகாசிக்க. "டிசம்பர் முப்பத்தொண்ணுக்குள்ள பண்ணிக்கிட்டா முழு வருஷத்துக்கும் செல்லும்."

வரிசையில் யாரோ கைதட்டினார்கள். கர்ட் சிரித்தான், பிறகு ஹைடியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். ஹைடி தன் காகிதங்களை அடுக்கி, நன்றி சொல்லி, கோட்டை மாட்டிக்கொண்டாள்.

காருக்குள் வந்து உட்கார்ந்து, இயந்திரம் சூடேறும்வரை காத்திருக்கையில், மிஸஸ் பெட்ரோஸ்கியைக் கூப்பிட்டாள். கர்ட் பக்கத்திலிருந்தான். வெளியே நின்று பேசலாமென்றால் பனிக்காற்று.

"ஹைடி பேசறேன் மேடம். அந்த வீட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க… இல்ல, பணம் கிடைச்சுது. முதலாளி தர்றேன்னு சொன்னாரு. கடன்லேர்ந்து என் பேருதான் வெளிய வரல… ஆமா… தெரியும், நீங்க பொறுத்துப் பாத்தீங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல."

கைபேசியை மடியில் வைத்தாள். கண்ணாடியில் பனி மெல்ல இளகி இரண்டு ஓட்டைகளாகத் திறந்தது. கர்ட் வாயைத் திறந்தான். ஒரு கதவு மூடினால் பிரபஞ்சம் இன்னொன்றைப் பற்றி ஏதோ செய்வதாக அவனிடம் ஒரு வாக்கியம் எப்போதும் தயாராக இருக்கும். அது தொண்டை வரை வந்தது ஹைடிக்குத் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஹீட்டரை உன் பக்கம் திருப்பவா?" என்றான்.

"திருப்பு."

திருப்பினான். அவன் பக்கம் குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். ஹைடி வண்டியைப் பின்னுக்கு எடுத்து, மாமீக்குப் போகும் பாலத்தை விட்டுவிட்டு, வீட்டுப் பக்கம் ஓட்டினாள்.